நாளைக்குக் கழற்றுகிறவன்

லோரி இஞ்சினில் போல்ட்டு ஒடிவது கழற்றுகிறவன் கையில். ஒடித்தவன் பெரும்பாலும் வேறு ஆள். ஐந்தாறு வருஷத்துக்கு முன் அளவு பொருந்தாத ஸ்பானரைப் போட்டு நட்டின் முனைகளை மழுக்கியவன். கைப்பிடியில் குழாயைச் சொருகி மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்கியவன். மரையைத் துடைக்காமல், ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் திருகி ஏற்றியவன். வேலை முடிந்தது, கூலி வாங்கினான், போய்விட்டான். லோரியும் ஓடியது. அவன் செய்ததற்குக் கணக்குத் தீர்க்கிறவன் இன்னொரு ஊரில், இன்னொரு பட்டறையில், வெளிச்சம் எட்டாத இடுக்கில் கையை விட்டுத் தவிப்பான். இந்த விஷயத்தில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் உண்டு. அந்தக் கோபத்தை எனக்கு ஊட்டியவர், கரங்கானில் ஒரு சீனர் பட்டறையில் போமனாக இருந்த தமிழர்.

கெடாவில் கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்த சின்னப் பட்டணம் கரங்கான். கடைவரிசையைத் தாண்டினால் தோட்டம்தான். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. பக்கத்தில் டப்ளின் தோட்டம். கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பிய 1947-ல் தொழிலாளிகள் மேல் போலீஸ் சுட்ட இடம் அது. எங்கள் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் மாறும். நானும் லயத்தில் பிறந்தவன். அம்மா பால்மரம் வெட்டினார். 1986-ல் நான் எஸ்பிஎம் பரீட்சை முடித்து நின்றபோது நாட்டில் வேலை இல்லை. முந்தின வருஷமே பொருளாதாரம் சுருங்கிவிட்டது. பினாங்குத் தொழிற்சாலைகள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தன. ஊரெல்லாம் புதுப் புரோட்டோன் சாகாவைப் பற்றிப் பேச்சு. எங்கள் லயத்துப் பையன்களுக்கு மோட்டார் சைக்கிளுக்கே வழியில்லை. ஒரே தோட்டத்துக்காரர் என்ற உறவில் போமன் மாமா என்னைப் பட்டறை முதலாளியான தவுக்கேயிடம் கூட்டிப்போனார். சம்பளம் பேசவில்லை. தவுக்கே என் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மலாயில், நாளைக்கு வா என்றார்.

மாமா தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். தோட்டத்து ரப்பர் ஆலையில் இஞ்சின் அறைக்குக் கையாளாகப் போனவர், ஷீட் அடிக்கும் உருளைகளை ஓட்டிய பழைய வெள்ளைக்காரன் இஞ்சினோடு வளர்ந்தார். அந்த இஞ்சின் நின்றால் உறையவைத்த பால் உருளைக்குப் போகாமல் கிடக்கும்; துரை வாசலில் வந்து நிற்பார். உதிரிச் சாமான் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். ஒரு ஸ்டட்டை ஒடித்துவிட்டால் மாற்று வரும்வரை அதே ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எதையும் உடைக்காமல் கழற்றும் பழக்கம் அவருக்கு அங்கே ஊறிப்போனது. எந்தப் பள்ளிக்கூடமும் அதற்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. தோட்டத்து இஞ்சின் அறைகளிலிருந்து இப்படி எத்தனையோ தமிழ்க் கைகள் பட்டணத்துப் பட்டறைகளுக்கு வந்தன. அவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

பட்டறைச் சுவரில் இரண்டு பலகைகள் இருக்கும். ஒன்றில் இஞ்சி ஸ்பானர்கள், இன்னொன்றில் மில்லிமீட்டர் ஸ்பானர்கள். ஒன்றை எடுத்து மற்றதில் மாட்டினால் மாமாவுக்குப் பொறுக்காது. அப்போது எங்கள் பக்கம் பழைய பெட்போர்டுகளும் ஓடின. ஹினோ, இசூசு, நிசான் என்று ஜப்பான் லோரிகளும் நிறைய வந்துவிட்டன. பெட்போர்டில் 3/8 இஞ்சிப் போல்ட்டுக்குத் தலை 9/16. நாங்கள் ‘ஒம்பது பதினாறு’ என்போம். மில்லிமீட்டரில் அது 14.29. பதினாலாம் நம்பர் ஸ்பானர் ஏறாது. பதினைந்து ஏறும், ஏறி ஆடும். முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஆட்டம்தானே என்று இழுத்தால் ஸ்பானர் முகத்தை விட்டு முனையில் போய் உட்காரும். அந்த இழுப்பிலேயே ஆறு முனையும் உருளும். அரை இஞ்சித் தலையில் பதின்மூன்றைப் போடுகிறவர்களும் உண்டு. புதுப் போல்ட்டில் அது பிடிக்கும், துரு ஏறியதில் வழுக்கும்.

இத்தனை அளவுகள் எப்படி வந்தன என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-ல் முதன்முதலாக மரைக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 பாகை என்று வேறொன்றை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்ற நாடுகளின் இயந்திரங்களில், ஒன்றின் நட்டு இன்னொன்றில் ஏறாமல் படாத பாடு பட்டார்கள். அதன் பிறகு 1948-ல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. பெட்போர்டில் வந்தது அந்த மரை. தோட்டத்துக் கிழட்டு இஞ்சின்களில் இருந்தது விட்வொர்த். ஜப்பான் லோரியில் மெட்ரிக். இந்த மூன்றும் கரங்கானில் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. மாமாவுக்கு இந்த வருஷங்கள் எதுவும் தெரியாது. போல்ட்டை எடுத்து மரையில் கட்டைவிரல் நகத்தை ஓட்டி, எந்தப் பெட்டியில் போடவேண்டும் என்று சொல்லிவிடுவார்.

சக்கரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பெட்போர்டிலும் சரி, அந்தக் கால ஜப்பான் லோரிகளிலும் சரி, இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. ஓட்டத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். தெரியாதவன் குழாய்மேல் ஏறி நின்று குதிப்பான். கழற்றுவதாக நினைத்து மேலும் முடுக்கி ஸ்டட்டையே முறுக்கிவிடுவான். அப்படி வந்த சக்கரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் லோரிகளுக்கு மழையைவிடப் பெரிய சத்துரு உரம். காலையில் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி, உரம் போடும் மாதத்தில் மூட்டைகளையும் ஏற்றும். பொட்டாசியம் குளோரைடு உப்பு வகை. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தி, ஈரத்தில் கரைந்து, சேஸிஸ் வழியாக எல்லா இடுக்கிலும் இறங்கும். துரு என்பது இரும்பு தேய்வது மட்டுமில்லை. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். மரைக்கும் மரைக்கும் நடுவில் இருக்கிற அந்த மெல்லிய சந்தில் துரு உப்பி ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். உர லோரி வந்தால் மாமா முதல் நாளே கம்பி பிரஷால் தேய்த்து, டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு ஊறப்போடுவார். நான் பட்டறையில் முதலில் செய்த வேலை இதுதான். சாயங்காலம் ஒரு சுற்று, காலையில் ஒரு சுற்று, ஒவ்வொரு தலையிலும் சுத்தியலால் சின்னதாக ஒரு தட்டு. அந்தத் தட்டில் துரு நொறுங்கும். எண்ணெய்க்கு வழி திறக்கும்.

நான் எழுத வந்தது ஒரு பெட்போர்ட் டீகே லோரியைப் பற்றி. 1959-ல் இங்கிலாந்தில் முதலில் வெளிவந்த வண்டி அது. நாங்கள் வேலை பார்த்த அதே 1986-ல்தான் பெட்போர்டின் முதலாளிகளான ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே பெரிய லோரிகள் கட்டுவதை விட்டு விலக முடிவெடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. கெடாவில் அந்த வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. டீகேயில் கேபின் சாயாது. இஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். கதவுக்குப் பின்புறம் உள்ள மூடியைத் தூக்கி, டயர்மேல் ஏறி, பக்கவாட்டில் உடம்பை வளைத்து உள்ளே போகவேண்டும். வந்த லோரி குலை ஏற்றும் குத்தகைக்காரருடையது. ஏற்றத்தில் ‘டப் டப்’ என்று அடிக்கிறது, கேபினுக்குள் புகை நாற்றம் என்றார். புகைபோக்கி மெனிஃபோல்டு இஞ்சின் ஹெட்டில் ஒட்டும் இடத்தில் கேஸ்கெட் எரிந்திருந்தது. மெனிஃபோல்டைக் கழற்றினால்தான் மாற்ற முடியும். மழைக்காலம், குலைகள் சாலையோரம் குவிந்து கிடக்கின்றன. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும். அடிபட்ட பழத்தில் அமிலம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெயின் தரம் இறங்கும். குத்தகைக்காரர் பட்டறை வாசலை விட்டு நகரவில்லை.

மூடியைத் தூக்கி டார்ச் அடித்ததும் மாமா ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கு முன்னால் யாரோ கை வைத்திருந்தார்கள். நட்டுகளில் பாதி உருண்டை. முன் கோடி நட்டில் உளிக் காயம். பின் கோடி ஸ்டட்டின் கழுத்து துருவில் இளைத்துப்போயிருந்தது.

கோடி ஸ்டட்டுகள்தான் முதலில் போகும். ஆறு சிலிண்டர் இஞ்சினில் மெனிஃபோல்டு நீளமான வார்ப்பிரும்பு. சூடேறும்போது நீளவாக்கில் விரியும், ஆறும்போது சுருங்கும். நடு ஸ்டட்டுகளுக்கு இதில் அவ்வளவு வேதனை இல்லை. இரண்டு கோடியில் இருப்பவைதான் ஒவ்வொரு ஓட்டத்திலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து களைக்கும். அவற்றை இன்னும் இறுக்கி அடக்கிவிடலாம் என்று நினைக்கிறவன் அவற்றின் ஆயுளைத்தான் குறைக்கிறான்.

நடுவில் இருந்தவை ஊறப்போட்டதில் வந்தன. மாமா எந்த நட்டையும் முதலில் கழற்றும் பக்கம் திருப்பமாட்டார். “மொதல்ல கொஞ்சம் முடுக்கு தம்பி. அசைஞ்சுதா? இப்ப வெளிய திருப்பு. அரைச் சுத்து வந்ததும் திரும்ப உள்ள விடு. எண்ணெய் விடு. அவசரம் வேணாம்லா.” வெளியே கொஞ்சம், உள்ளே கொஞ்சம். உடைந்த துருத்தூள் மரையில் சிக்கி அரைத்துவிடாமல் இருக்க அதுதான் வழி. நேராக இழுத்துக்கொண்டே போனால் பாதி வழியில் தூள் இறுகி, போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்.

முன் கோடி நட்டில் ஸ்பானர் நிற்க இடமில்லை. அளவில் சின்ன சாக்கெட்டை எடுத்து மாமா சுத்தியலால் அதன்மேல் அடித்து இறக்கினார். அதற்கு முன் கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் செந்நிறம் தட்டும்வரை சுட்டார். சுடுவதைப் பார்த்த தவுக்கே, சாமி மாடத்தில் எரிந்து மிஞ்சிய சிவப்பு மெழுகுவர்த்தித் துண்டுகளைத் தகர டப்பாவோடு கொண்டுவந்து நீட்டினார். அவர்கள் இருவருக்கும் இடையில் அப்படி ஒரு பழக்கம், கேட்க வேண்டியதில்லை. நட்டு சற்றே ஆறியதும் மெழுகை மரையில் வைத்தார் மாமா. உருகியது வெளியே வழியாமல் உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. 3/8 இஞ்சி இரும்பை 500 பாகை சுட்டால் அதன் குறுக்களவு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கூடும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிவு துருவின் பிடியை விடுவிக்கப் போதும். சூட்டில் நீராகிற மெழுகு எண்ணெய் நுழையாத சந்திலும் நுழையும். நட்டு ‘டக்’ என்றது. அது நல்ல சத்தம்.

பின் கோடியில் அந்தச் சத்தம் வரவில்லை. மாமா என் கையைப் பிடித்து ஸ்பானரில் வைத்து, தன் கையை அதன்மேல் வைத்து இழுத்தார். விறைப்பாக எதிர்த்தது. பிறகு சத்தமே இல்லாமல் இளகியது. அவர் அந்த நொடியே நிறுத்தினார். “இது கழலல. முறுக்கிக்கிட்டு வருது.” எந்தப் புத்தகத்திலும் இந்த வித்தியாசத்தைச் சரியாக எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. கழலும் போல்ட்டும் இளகும், ஒடியப்போகிற போல்ட்டும் இளகும். முன்னது ஒரு வெடிப்போடு விடும். பின்னது வலு இழந்து கூடவே வரும். அம்மா பட்டையைச் சீவும்போது கத்தி மரத்தின் உயிர்ப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கையிலேயே நின்றுவிடும். விடிவதற்கு முன்னால், தலைவிளக்கு வெளிச்சத்தில், அளந்து பார்க்கவா முடியும்? மணிக்கட்டு சொல்லும். மாமாவின் கைக்கும் அப்படி ஓர் அறிவு இருந்தது. அன்று அவர் கையின் கீழே என் கை இருந்ததால் எனக்கும் அது கொஞ்சம் தெரிந்தது.

நிறுத்தியும் பயனில்லை. துருவில் இளைத்த கழுத்து ஏற்கெனவே கீறியிருந்தது. சுட்டும் பார்த்தோம், அடுத்த அசைவில் ஹெட்டின் முகத்தோடு முகமாக ஒடிந்தது. வைஸ் கிரிப் பிடிக்க ஓர் இம்மிகூட வெளியே இல்லை. குத்தகைக்காரர் டிரில் போட்டு எடுத்துவிடலாமே என்றார். டிரில் போட்டு ஈஸி அவுட் இறக்குவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. மாமா அதைக் கடைசிக்கு வைத்திருப்பார். ஈஸி அவுட் கடினமான எஃகு, ஆனால் நொறுங்கும் குணம். உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது. வேறெங்கோ அப்படி ஒடித்து எங்களிடம் அனுப்பிய ஹெட்டுகள் ஒரு மூலையில் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு நாள் வேலையைத் தின்னும்.

அவர் செய்தது வேறு. ஒடிந்த முகத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி, அதன் நடுவில் வெல்டிங் ராடால் ஒரு பொட்டு வைத்தார். அதன்மேல் இன்னொன்று. பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சின்ன மொட்டு வெளியே நீண்டது. வார்ப்பிரும்பில் எஃகு ராட் அவ்வளவு நன்றாக ஒட்டாது, ஸ்டட்டில் ஒட்டும். ஹெட்டில் பற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தைவிட்டு ஸ்டட்டின் நடுவையே பார்த்துக்கொண்டிரு என்பார். மொட்டுக்குமேல் ஒரு பழைய நட்டை வைத்து அதன் ஓட்டை வழியாக உள்ளே நிரப்பி ஒட்டினார். வெல்டிங் சூடு ஸ்டட்டின் உள்ளுக்குள்ளேயே போகிறது. ஸ்டட் விரியப் பார்க்கும், சுற்றியிருக்கும் இரும்பு விடாது, நெருக்குண்டு ஆறும்போது முன்னைவிடச் சுருங்கும். அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது. முதலில் ஒட்டியது பிய்ந்துகொண்டது. மறுபடியும் ஒட்டினார். இந்தத் தடவை முழுக்க ஆறும்வரை தொடவில்லை. மாமா தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. குத்தகைக்காரர் லோரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். திரும்பி வந்த மாமா மெழுகு வைத்து, ஸ்பானரைப் போட்டு, முடுக்கும் பக்கம் அசைத்தார். பிறகு வெளியே. ஸ்டட் புழுதியும் மெழுகும் ஒட்டிக்கொண்டு முழுசாக வெளியே வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார். சுட்டது.

அதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். குலை காத்திருக்கிறது, இருட்டிவிட்டது, புது ஸ்டட்டைத் திருகிவிட்டுப் போயிருக்கலாம். மாமா 3/8 டேப்பை எண்ணெய் தொட்டுக் கையாலேயே ஒவ்வொரு ஓட்டையிலும் இறக்கி, பழைய துருவையும் கரியையும் வெளியே எடுத்தார். துணி சுற்றிய குச்சியால் துடைத்தார். ஹெட்டுக்குள் போகும் பக்கம் பெரிய மரை, நட்டு ஏறும் பக்கம் சின்ன மரை என்று பார்த்து ஸ்டட்டுகளைப் பிரித்தார். எல்லா மரையிலும் செப்புக் கிரீஸ் தடவினார். மெனிஃபோல்டை வைத்து, நடுவிலிருந்து இரண்டு கோடிக்குமாக, ஒரே மூச்சில் இல்லாமல் சுற்றுச் சுற்றாக முடுக்கிப் போனார். போல்ட்டை முடுக்க நாம் போடும் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் பிடிமானமாகிறது, மீதியெல்லாம் உராய்வுக்கே போகிறது என்பது இஞ்சினியர்கள் சொல்லும் கணக்கு. அழுக்கு மரையில் அந்த ஒரு பங்கும் கிடைக்காது. கை வலிக்க முடுக்கியதால் இறுகிவிட்டது என்று நினைப்போம். போல்ட்டு உள்ளே முறுகிக்கொண்டிருக்கும்.

“அடுத்த தடவ இத யாரு கழட்டுவான்னு தெரியாது. நீயா இருக்கலாம். உன் மகனா இருக்கலாம். முடுக்கும்போதே அவன நெனச்சுக்க.” இதைச் சொல்லும்போது அவர் முகம் இஞ்சினுக்குள் இருந்தது.

அந்த இரவே லோரி தோட்டத்துக்குப் போனது. ஏற்றத்தில் சத்தம் இல்லை என்று டிரைவர் மறுநாள் வந்து சொன்னார்.

1996-ல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தபிறகு எங்கள் பையன்கள் அந்தப் பக்கம் போனார்கள். அதில் தப்பில்லை, நல்ல சம்பளம், குளிரூட்டிய இடம். ஆனால் பட்டறைகளில் கைக்குக் கை மாறி வந்த ஒன்று அங்கேயே அறுந்தது. இப்போது காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. ‘டர்ர்’ என்ற சத்தத்தில் சக்கர நட்டுகள் அத்தனையும் ஏறிவிடும். எவ்வளவு ஏறியது என்று பையனுக்குத் தெரியாது, துப்பாக்கிக்கும் தெரியாது. நடுச்சாலையில் மழையில் டயர் மாற்ற இறங்குகிற டிரைவருக்குத்தான் தெரியும். என் பட்டறையில் துப்பாக்கி உண்டு. கழற்ற மட்டும். ஏற்றும்போது கடைசிச் சுற்று கையால், டார்க் ரெஞ்சில். சேருகிற பையன்களுக்கு இது பிடிப்பதில்லை. காரணத்தைச் சொல்கிறேன், இருக்கிறவன் இருக்கிறான்.

மாமா வேலையை விட்டபோது தன் இஞ்சி ஸ்பானர்களை எனக்குக் கொடுத்தார். பெட்போர்டுகள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டன, இதை வைத்து என்ன செய்வாய் என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். செர்டாங் பக்கத்து விவசாயி ஒருவரிடம் மாசி பெர்குசன் டிராக்டர் ஒன்று இன்னும் ஓடுகிறது. பெர்க்கின்ஸ் இஞ்சின், முழுக்க இஞ்சி மரை. போன மாதம் அதன் வாட்டர் பம்ப் ஒழுகி என்னிடம் வந்தது. பம்பின் போல்ட்டுகளில் ஒன்றில் யாரோ பதின்மூன்றாம் நம்பரைப் போட்டு முனையை மழுக்கியிருந்தார்கள். எண்ணெய் விட்டு, தட்டி, ராத்திரி ஊறவிட்டோம். காலையில் அரை இஞ்சி ரிங் ஸ்பானரை இறுக்கமாக அடித்து உட்காரவைத்து, பையன் கைமேல் என் கையை வைத்தேன்.